கடைசியாக வருபவன்

நமது நாட்டில் இன்று பதிவு பெற்றுள்ள வாகனங்களுள் தொகையால் முதலிடம் பெற்று நிற்பது மோட்டார் சைக்கிளேயாகும். முன்னொரு காலத்தில் துவிச்சக்கர வண்டி சாத்தி நின்ற தலைவாசலில் இன்று மோட்டார் சைக்கிள் நிற்கின்றது. தந்தையார் அதிலேறிக் கந்தோருக்குச் செல்கிறார். தாயார் அதிலேறிப் பாடசாலைக்குப் படிப்பிக்கப் போகிறார். கமக்காரர் அதிலேயே உரப்பையையும் ஏற்றிச் செல்கிறார். வாழ்க்கைக்கு இன்றியமையாததாகிவிட்ட ஒரு பொருளை, 'அது பொல்லாதது, தொடாதே' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிட முடியாது. எப்படித் தொடுவது என்று சொல்லிக் கொடுக்கும் கடமை நமக்கு இருக்கின்றது.

இந்த வாரம் நான் எடுத்துக்கொண்ட விஷயம் தனியே செல்பவரைப் பற்றியதன்று. கூட்டமாகச் செல்பவரைப் பற்றியது. விடுமுறை நாளொன்றின் விடியற்காலையில் பத்துப் பன்னிரண்டு இளைஞர் ஒரு சந்தியிற் கூடுகின்றனர். ஒருவர் பின் ஒருவராக நெடுந்தூரம் சென்று, குளத்தையோ கடற்கரையையோ மலைச்சாரலையோ கண்டு, பொழுது சாயுமுன் வீடு திரும்புகின்றனர். சிலர் இதற்கென ஒரு கழகமே அமைத்து, பெயரும் சின்னமும் சூடிக்கொள்கின்றனர். வாகனம் புறப்பட்ட நேரத்திலிருந்து திரும்பி வந்து படலை திறக்கும் சத்தம் கேட்கும் வரை, வீட்டிலுள்ள தாய்மார் படும் பாட்டை நான் விரித்துக் கூற வேண்டியதில்லை.

இத்தகைய கழகங்களைப் பற்றி ஊரில் இரண்டு விதமான பேச்சு உண்டு. 'துணையோடுதானே போகிறார்கள், ஒன்றும் நேராது' என்பார் சிலர். 'தனியே போனால் ஒழுங்காகப் போகிறவனும் கூட்டத்தோடு சேர்ந்தால் கெட்டுப் போகிறான், கழகமே வேண்டாம்' என்பார் வேறு சிலர். இரண்டு பேச்சிலும் உண்மை உண்டு. கூட்டம் ஒருவனைக் காக்கவும் கூடும், கெடுக்கவும் கூடும். எது நடக்கும் என்பது, அக்கூட்டம் யாரை மனத்திற் கொண்டு ஒழுங்கு செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தது. முன்னால் செல்பவனை மனத்திற் கொண்டு அமைந்த கூட்டம் ஒருவகை. கடைசியாக வருபவனை மனத்திற் கொண்டு அமைந்த கூட்டம் மற்றொரு வகை. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலண்டன் மாநகரத்து இளைஞர்

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதுகளின் பிற்பகுதியிலும் அறுபதுகளிலும் இங்கிலாந்து தேசம் இதே கவலையில் ஆழ்ந்திருந்தது. இலண்டனின் வடக்கு வட்டவீதியில் 1938ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட 'ஏஸ் கஃபே' என்னும் சிற்றுண்டிச்சாலை, இளம் மோட்டார் சைக்கிள்காரரின் இருப்பிடமாயிற்று. மணிக்கு 100 மைல், அதாவது ஏறத்தாழ 160 கிலோமீற்றர் வேகத்தை எட்டிவிட வேண்டுமென்பதே அவர்களுட் பலருடைய இலட்சியம். அங்கிருந்த பாட்டுப் பெட்டியில் ஓர் இசைத்தட்டைப் போட்டுவிட்டுப் புறப்பட்டு, பாட்டு முடியுமுன் குறித்த இடத்தைச் சுற்றித் திரும்பிவிடுவது அக்காலத்தில் நடந்த போட்டியென்று சொல்வார்கள். இசைத்தட்டொன்றின் ஆயுள் இரண்டு மூன்று நிமிடம். அதற்காகத் தம் ஆயுளைப் பணயம் வைத்த பிள்ளைகளை நினைத்தால் நெஞ்சம் கனக்கின்றது.

பத்திரிகைகள் அவர்களைத் தூற்றின. பெரியவர்கள் ஒதுங்கிப் போயினர். ஆனால் பில் ஷேர்கோல்ட் என்ற பாதிரியார் ஒருவர் அவர்களைத் தேடிப் போனார். அவரும் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர். கிழக்கு இலண்டனில் ஹக்னி விக் என்னுமிடத்தில் அவருடைய தேவாலயத்தைச் சார்ந்து, 1959ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட '59 கழகம்' என்னும் வாலிபர் சங்கம் ஒன்று இருந்தது. அவர் தம் மோட்டார் சைக்கிளிலேயே ஏஸ் கஃபேக்குச் சென்று அந்த இளைஞர்களை அழைத்தார். அவர்களும் தங்கள் வாகனங்களோடு வந்தனர். 1962ஆம் ஆண்டிலே அக்கழகத்தில் மோட்டார் சைக்கிள் பிரிவு தோன்றியது. பின்னர் ஆயிரக்கணக்கானோர் அதில் அங்கத்தினராயினர். இன்றும் அக்கழகம் இயங்கி வருகின்றது.

'வராதே, போ' என்று விரட்டுவதால் இளைஞனுடைய வேகம் குறைவதில்லை. நம் கண்ணுக்கு எட்டாத தெருவுக்கு அது இடம் மாறுகின்றது, அவ்வளவே. ஆகவே கழகம் கூடாதென்று தடுப்பதிலும், நல்ல கழகம் எப்படி இருக்க வேண்டுமென்று எடுத்துச் சொல்வதே ஆசிரியருக்கும் பெற்றாருக்கும் ஏற்ற தொழில்.

பின்தங்கியவனின் வெட்கம்

என் மாணவன் ஒருவனிடம், 'கூட்டத்தோடு செல்லும்போது ஏனப்பா இத்தனை வேகம்?' என்று கேட்டேன். சற்றே தயங்கி, 'முன்னுக்குப் போகிறவரை விட்டுவிட்டால் வழி தெரியாது, சேர்' என்றான். 'வழி தெரிந்த தெருவில்?' என்றேன். அவன் தலை குனிந்துகொண்டு, 'பின்தங்கினால் சிரிப்பார்கள், சேர்' என்றான்.

இவ்விரண்டு விடையுமே விஷயத்தின் வேர். வழி தவறிவிடுமோ என்ற பயம் ஒன்று. கேலிக்கு ஆளாவோமோ என்ற வெட்கம் மற்றொன்று. பதினெட்டு இருபது வயதில் உயிர்ப்பயத்திலும் வெட்கம் பெரிது. அந்த வயதைக் கடந்து வந்த நாம் அதை மறந்துவிடக் கூடாது.

பின்னால் வருபவன் பின்தங்குவது பெரும்பாலும் அவனுடைய குறையாலன்று. அது ஒரு சிறு கணக்கினால் நேர்வது. மாணவ நண்பர்கள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்வார்களாக. பத்துப் பேர் ஒருவர் பின் ஒருவராக, ஒவ்வொருவருக்கும் இடையே 2 செக்கன் இடைவெளி விட்டு, மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு பட்டினத்தைக் கடக்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். முதல்வனுக்கும் பத்தாமவனுக்கும் இடையில் 18 செக்கன். அந்த வேகத்தில் அது 200 மீற்றர் தூரம். பட்டின எல்லை கடந்ததும் முதல்வன் வேகத்தை 60 ஆக உயர்த்துகிறான். பத்தாமவன் எல்லையை அடைய இன்னும் 18 செக்கன் ஆகும். அதற்குள் முதல்வன் 300 மீற்றர் முன்னே போய்விடுகிறான். 'ஐயோ, என்னை விட்டுவிட்டுப் போகிறார்கள்' என்று பத்தாமவன் பதறுகிறான். பட்டினத்துக்குள்ளேயே, பாடசாலை வாசலிலும் சந்தை முகப்பிலும் வேகத்தைக் கூட்டுகிறான். உண்மையில் அவன் பின்தங்கவேயில்லை. இடையிலுள்ள நேரம் அதே 18 செக்கன்தான். வேகம் கூடியபடியால் தூரம் கூடியது, அவ்வளவே. இந்த உண்மையை அறியாத காரணத்தால் எத்தனை பிள்ளைகள் துரத்திக்கொண்டு ஓடுகின்றனர்!

இனி, உண்மையாகவே ஒருவன் தாமதப்படுகிறான் என்று வைப்போம். சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தது. 1 நிமிடம் போயிற்று. மற்றவர்கள் 60 கிலோமீற்றர் வேகத்தில் சென்றால் அவனுக்கும் அவர்களுக்கும் இடையே 1 கிலோமீற்றர். அவன் 80 கிலோமீற்றர் வேகத்தில் துரத்தினால் 3 நிமிடத்தில் எட்டிப் பிடிப்பான். ஆனால் அந்த 3 நிமிடத்தில் அவன் 4 கிலோமீற்றர் தூரத்தைத் தன் சக்திக்கு மீறிய வேகத்தில், தனியே, பதற்றத்தோடு கடந்திருப்பான். அதற்குப் பதிலாக முன்னால் செல்பவன் தன் வேகத்தை 60இலிருந்து 40 ஆகக் குறைத்தால் என்ன ஆகும்? கடைசியாக வருபவன் தன் வழக்கமான 60இலேயே வந்து, அதே 3 நிமிடத்தில் சேர்ந்துவிடுவான். நேரத்தில் ஒரு நிமிடமும் வேற்றுமையில்லை. ஆபத்தில் உள்ள வேற்றுமையோ மலைக்கும் மடுவுக்கும் உள்ளது.

ஆகவே கடைசியாக வருபவனுடைய வேகத்தைத் தீர்மானிப்பவன் அவனல்லன், முதல்வனே. முன்னால் செல்பவன் தலைவன் என்று பெயர் பெறுவது இந்தப் பொறுப்பினாலேயாம்.

இரண்டு செக்கன்

மேலே 2 செக்கன் இடைவெளி என்று சொன்னேன். அதனை அறிவது எளிது. முன்னே செல்லும் வாகனம் ஒரு மின்கம்பத்தைக் கடக்கும்போது, 'ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு' என்று நிதானமாக மனத்துக்குள் எண்ணுங்கள். எண்ணி முடியுமுன் நீங்கள் அக்கம்பத்தைக் கடந்துவிட்டால், இடைவெளி போதாது. 60 கிலோமீற்றர் வேகத்தில் 2 செக்கன் என்பது ஏறத்தாழ 33 மீற்றர். ஆபத்தைக் கண்டு கையும் காலும் அசைய 1 செக்கன் சென்றாலே 17 மீற்றர் போய்விடும். நிறுத்துவது அதன் பின்னரே ஆரம்பமாகும். மழை நாளில் இந்த இடைவெளியை இரட்டிப்பாக்க வேண்டும். நெடுநாள் வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையில், தெருவிற் படிந்த எண்ணெயும் புழுதியும் குழம்பிச் சறுக்கும் என்பதையும் மறக்கலாகாது.

அமெரிக்காவில் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரி ஹேர்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் லொஸ் ஏஞ்செல்ஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை, அவை நிகழ்ந்த இடத்துக்கே சென்று ஆராய்ந்தனர். 3,600 விபத்துகள் பற்றிய பொலிஸ் அறிக்கைகளையும் பரிசீலித்தனர். 1981ஆம் ஆண்டில் வெளியான அவர்களது அறிக்கை இன்றும் போற்றப்படுகின்றது. அதில் நாம் கருத்திற் கொள்ளத்தக்க செய்திகள் சில உள.

முதலாவது, ஆபத்து வருகிறதென்று கண்ட நேரத்திலிருந்து மோதும் நேரம் வரை, ஓட்டுபவருக்கு வழக்கமாகக் கிடைத்தது 2 செக்கனுக்கும் குறைவே. இரண்டாவது, விபத்துக்கு முந்திய வேகத்தின் நடு அளவு மணிக்கு 30 மைலுக்கும் சற்றுக் குறைவு. அதாவது ஏறக்குறைய 48 கிலோமீற்றர். 'மெதுவாகத்தானே போகிறேன்' என்று எண்ணும் வேகத்திலேயே அநேக விபத்துகள் நிகழ்ந்துள்ளன. மூன்றாவது, விபத்துக்குள்ளானவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேர் முறையான பயிற்சி பெறாதவர்கள். தாமாகவோ, உறவினர் நண்பரிடமோ ஓட்டக் கற்றவர்கள். நான்காவது, பாதிக்கு மேற்பட்டோர் விபத்தில் அகப்பட்ட அந்த வாகனத்தோடு 5 மாதப் பழக்கமும் இல்லாதவர்கள். ஐந்தாவது, இறப்பில் முடிந்த விபத்துகளுள் ஏறத்தாழப் பாதியில் மதுபானம் சம்பந்தப்பட்டிருந்தது.

இன்னுமொரு செய்தி உண்டு. வேறொரு வாகனத்தோடு மோதிய விபத்துகளுள் மூன்றில் இரண்டு பங்கில், மற்றைய வாகனச் சாரதியே வழிவிடத் தவறியிருந்தார். காரணம், மோட்டார் சைக்கிளை அவர் கவனிக்கவில்லை. பகலிலும் முன்விளக்கை எரியவிட்டு, மஞ்சள் அல்லது சிவப்பு முதலிய பளிச்சென்ற நிறத்தில் மேற்சட்டை அணிந்தவர்கள் விபத்திற் சிக்கியது குறைவு என்றும் அவ்வறிக்கை கூறுகின்றது. கறுப்பு உடையே வீரனுக்கு அழகு என்று எண்ணும் தம்பிமார் இதனைச் சிந்திப்பார்களாக. கூட்டமாகச் செல்வதால் எல்லோரும் கண்ணுக்குத் தெரிவோம் என்று நம்புவதும் தவறு. முதல் மூன்று வாகனங்கள் போனதும், 'இனி ஒருவரும் இல்லை' என்று எண்ணிக் குறுக்குத் தெருவிலிருந்து லொறிக்காரர் திருப்பிவிடுதல் உண்டு. அங்கே அகப்படுபவன் யார்? மறுபடியும் பின்னால் வருபவனே.

நல்ல கழகத்தின் ஒழுங்கு

உலகெங்கும் பழுத்த அனுபவமுள்ள கழகங்கள் கைக்கொள்ளும் ஒழுங்கு முறைகளை இனித் தொகுத்துச் சொல்வேன்.

புறப்படுமுன் பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும். ரயரின் காற்று, பிரேக், சங்கிலி, விளக்கு, எண்ணெய் ஆகியவற்றை அவரவர் பார்க்க வேண்டும். போகும் வழி, தங்கும் இடம், எண்ணெய் நிரப்பும் இடம் ஆகியவை கடைசி அங்கத்தினன் வரை எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வழி தெரிந்தவன் துரத்த மாட்டான். கூட்டம் பெரிதானால் ஐந்து முதல் ஏழு பேர் வரை கொண்ட சிறு குழுக்களாகப் பிரிந்து செல்வது நன்று. நீண்ட வரிசை ஊராருக்கும் இடைஞ்சல்.

நிற்கும் வரிசையிலும் ஒழுங்கு உண்டு. நிதானமும் அனுபவமும் உள்ளவன் முதலில். அவனுக்கு அடுத்தாற்போல் புதியவர்கள். நன்கு பழகியவன் ஒருவன் கடைசியில். நம்மிடையே புதியவனைப் பின்னுக்குத் தள்ளிவிடும் வழக்கமே காணப்படுகின்றது. அது தலைகீழ் முறை. புதியவன் தலைவனுக்கு அண்மையில் இருந்தால், தலைவன் கண்ணாடியில் அவனைப் பார்த்துத் தன் வேகத்தை அமைத்துக்கொள்வான். கடைசியில் வரும் அனுபவசாலி, வாகனம் பழுதாகி நின்றவனுக்குத் துணையாவான். அவனைத் தாண்டிப் பின்னால் ஒருவரும் விடப்படமாட்டார் என்பதே கூட்டத்தின் உறுதிமொழி.

அகலமான நேர்வீதியில், இடப்பக்கம் செல்லும் நம் நாட்டு முறைப்படி, முதல்வன் தன் வழியின் வலப்பாதியிலும், இரண்டாமவன் 1 செக்கன் பின்னால் இடப்பாதியிலும், மூன்றாமவன் முதல்வனுக்கு நேரே 2 செக்கன் பின்னால் வலப்பாதியிலுமாக மாறிமாறிச் செல்வர். இருவர் சோடியாகப் பக்கத்தில் பக்கத்தில் கதைத்துக்கொண்டு செல்வது எவ்விடத்திலும் ஆகாது. ஒருவர் குழிக்கு விலகினால் மற்றவருக்கு விலக இடமில்லை. ஒடுங்கிய தெருக்களிலும், வளைவுகளிலும், பாலங்களிலும் ஒற்றை வரிசையே முறை. நமது தெருக்களுட் பல ஒடுங்கியவை என்பதையும், வேலியோரத்து ஒழுங்கையிலிருந்து ஆடோ மாடோ சிறு பிள்ளையோ எந்நேரமும் வெளிப்படக்கூடும் என்பதையும் நான் சொல்ல வேண்டியதில்லை.

வளைவுகளுக்கு ஒரு பொன்விதி உண்டு. பிரித்தானியப் பொலிஸாருக்கென எழுதப்பட்டு 1955ஆம் ஆண்டில் வெளியான 'ரோட்கிராஃப்ட்' என்னும் நூல் வழிவந்த போதனை இது: கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தூரத்துக்குள், நமது பக்கத்திலேயே, வாகனத்தை நிறுத்த முடிந்த வேகம் எதுவோ அதுவே சரியான வேகம். வளைவில் காட்சி குறையக் குறைய வேகமும் குறைய வேண்டும். வலப்புறம் திரும்பும் வளைவில் நடுக்கோட்டை ஒட்டிச் செல்பவனுடைய சில்லு கோட்டுக்கு உள்ளே இருந்தாலும், சாய்ந்த உடலும் தலையும் கோட்டுக்கு அப்பால் நீண்டுவிடும். எதிரே வரும் பஸ்வண்டி அதற்காக விலகப் போவதில்லை. வேகம் இரட்டித்தால் நிறுத்தப் பிடிக்கும் தூரம் இரட்டிப்பதில்லை. நான்கு மடங்காகின்றது என்பதையும் பௌதிகம் படிக்கும் மாணவர் அறிவர்.

பிரேக் பிடிப்பதும் ஒரு கலை. விபத்தில் அகப்பட்டவர்களுட் பலர் பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்து வழுக்கினர் என்றும், முன் பிரேக்கைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்றும் ஹேர்ட் அறிக்கை கூறுகின்றது. வாகனம் வேகம் தணியும்போது பாரம் முன்சில்லின் மேல் சாய்கின்றது. ஆகவே நிறுத்தும் சக்தியின் பெரும்பகுதி முன்சில்லிலேயே உள்ளது. இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்தப் பழக வேண்டும். இதனை ஆபத்து வந்த வேளையில் கற்க முடியாது. வெறும் மைதானத்தில் மீண்டும் மீண்டும் செய்து கைக்குப் பழக்கமாக்க வேண்டும். மாதத்தில் ஒரு நாளை ஊர்சுற்றலுக்குச் செலவிடாமல் இந்தப் பயிற்சிக்குச் செலவிடும் கழகம் பாராட்டுக்குரியது.

முந்திச் செல்லுதலில் ஒவ்வொருவனும் தன் கண்ணையே நம்ப வேண்டும். முன்னால் சென்றவன் லொறியை முந்தியதால், பின்னால் வருபவனுக்கும் வழி திறந்திருக்கின்றது என்பது பொருளன்று. முன்னவன் சென்ற அந்த 2 செக்கனில் எதிரே ஒரு வாகனம் தோன்றியிருக்கும். 'வா, வா' என்று கையசைத்துப் பின்னவனை அழைப்பதும் பெரும் பிழை. அவனுடைய உயிருக்கு அழைப்பவன் பிணை நிற்க முடியாது. முந்திய பின் அவ்விடத்திலேயே வேகத்தைக் குறைத்துவிடாமல், பின்னால் வருபவன் நுழைய இடம் விட்டுச் சற்று முன்னே செல்வதும் கடமை.

வழி தவறும் பயத்துக்கு மேல்நாட்டுக் கழகங்கள் கண்ட மருந்து மிக எளியது. தெரு திரும்பும் ஒவ்வொரு சந்தியிலும், தலைவனுக்கு அடுத்து வருபவன் பத்திரமான ஓர் இடத்தில் நின்றுவிடுவான். வருபவர்களுக்கெல்லாம் திரும்பும் திசையைக் காட்டுவான். கடைசியாக வரும் அனுபவசாலி வந்து சேர்ந்ததும், அவனுக்கு முன்னால் வரிசையில் இணைந்துகொள்வான். அடுத்த சந்தியில், அப்பொழுது இரண்டாவதாக உள்ளவன் நிற்பான். இந்த முறையில் எவனும் எவனையும் கண்முன்னே வைத்திருக்க வேண்டிய அவசியமில்லை. 'சந்தியில் ஒருவன் எனக்காக நிற்பான்' என்ற நம்பிக்கை ஒன்றே வேகத்தைத் தணிக்கும். ஆனால் நிற்பவன் நின்றே ஆக வேண்டும். வெயில் சுட்டாலும், அலுப்புத் தட்டினாலும் இடத்தை விட்டு அசையக்கூடாது. நட்பு என்றால் என்ன என்று வகுப்பறையில் நாம் படிப்பிப்பதெல்லாம் இந்த ஒரு சந்தியில் அடங்கிவிடுகின்றது.

தலைக்கவசத்தின் கதை

தலைக்கவசம் பற்றிய ஒரு வரலாற்றையும் இங்கே சொல்ல விரும்புகிறேன். 'அரேபியாவின் லோறன்ஸ்' என்று புகழ்பெற்ற ரி. ஈ. லோறன்ஸ், முதலாம் உலக யுத்தத்தின் பேராபத்துகளிலிருந்து தப்பியவர். 1935ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் திகதி, இங்கிலாந்தில் தம் வீட்டுக்கு அண்மையில் மோட்டார் சைக்கிளிற் சென்றுகொண்டிருந்தார். தெருவிலிருந்த பள்ளம் ஒன்று பார்வையை மறைத்தது. துவிச்சக்கர வண்டியில் சென்ற இரண்டு சிறுவர்களைக் கடைசி வேளையிற் கண்டு, அவர்களைத் தவிர்க்க விலகி, தூக்கி எறியப்பட்டார். தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. நினைவு திரும்பாமலே ஆறு நாட்கள் கிடந்து, 19ஆம் திகதி தமது நாற்பத்தாறாவது வயதில் உயிர் நீத்தார்.

அவரைக் கவனித்த வைத்தியருள் ஒருவர் ஹியூ கேர்ன்ஸ் என்னும் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர்; அவுஸ்திரேலியாவிலே பிறந்து ஒக்ஸ்போர்டிலே பேராசிரியராக விளங்கியவர். அந்த மரணம் அவர் மனத்தை விட்டு அகலவில்லை. இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய பின் முதல் 21 மாதங்களில் மட்டும் பிரித்தானியாவில் மோட்டார் சைக்கிளில் ஓட்டியும் பின்னால் அமர்ந்தும் சென்ற 2,279 பேர் விபத்துகளில் இறந்தனர் என்பதை 1941 ஒக்டோபரில் வைத்தியச் சஞ்சிகை ஒன்றில் அவர் எடுத்துக்காட்டினார். தலைக்கவசம் அணிந்து விபத்துக்குள்ளான ஏழு பேரை ஆராய்ந்து, அவர்கள் பிழைத்ததையும் விளக்கினார். அடுத்த மாதமே பிரித்தானியத் தரைப்படை, கடமையிலுள்ள தன் மோட்டார் சைக்கிள்காரர் யாவரும் தலைக்கவசம் அணிய வேண்டுமெனக் கட்டளையிட்டது. பொதுமக்களுக்கு அது சட்டமாகியது 1973இல். கேர்ன்ஸ் 1952இலேயே காலமாகிவிட்டார். ஒரு உண்மை கண்டறியப்பட்டதற்கும் அது சட்டமானதற்கும் இடையே முப்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன.

நமது நாட்டில் ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டுமென்பது சட்டம். ஆனால் கவசத்தை முழங்கையில் மாட்டிக்கொண்டு சென்று, பொலிஸாரைக் கண்டதும் தலையிற் கவிழ்ப்போரை நாம் நாள்தோறும் காண்கிறோம். பொலிஸார் அபராதம் விதிப்பதோடு விட்டுவிடுவர். தெரு அப்படி விடாது. நாடிப்பட்டியைப் பூட்டாமல் அணிந்த கவசம் விழுந்த மாத்திரத்தில் கழன்றுவிடும். ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை, வெளியில் வெடிப்புத் தெரியாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும். சிறு பிள்ளைக்குத் தகப்பனாருடைய கவசம் பொருந்தாது. அதற்கு அளவானது வாங்க வேண்டும். பின்னால் இருக்கும் தாய்மார், சேலைத் தலைப்பும் சால்வையும் சில்லிலோ சங்கிலியிலோ சிக்காவண்ணம் இறுக்கிச் செருகிக்கொள்வது அவசியம்.

வீட்டாருக்கு ஒரு சொல்

பிள்ளைகளுக்கே புத்தி சொல்லிக்கொண்டிருப்பது நியாயமாகாது. பெற்றாருக்கும் பங்குண்டு. மகன் ஓடிக்கொண்டிருக்கும் வேளையில் தொலைபேசியில் திரும்பத் திரும்ப அழைத்து, 'எங்கே நிற்கிறாய், ஏன் இன்னும் வரவில்லை?' என்று கேட்பது அன்பினாலேதான். ஆயினும் அந்த அன்பே அவன் கையை ஹாண்டிலிலிருந்து எடுக்கச் செய்கின்றது. அந்தக் கேள்வியே அவன் வேகத்தைக் கூட்டுகின்றது. அதற்கு மாறாக, எந்த எந்த இடத்தில் நின்று அழைப்பது என்று புறப்படுமுன் பேசி வைத்துக்கொள்ளுங்கள். 'இருட்டினால் அங்கேயே தங்கு; பிந்தி வந்தாலும் ஏச மாட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். 60 கிலோமீற்றர் வழியை 60 வேகத்தில் ஒரு மணித்தியாலத்தில் கடக்கலாம். 80 வேகத்தில் 45 நிமிடத்தில் கடக்கலாம். மிச்சம் பிடிப்பது 15 நிமிடம். அந்தப் பதினைந்து நிமிடத்தை மகனுக்குத் தானமாகக் கொடுத்துவிட்டால், எந்தத் தாய்க்கும் நட்டமில்லை.

இளைஞருக்கு நான் சொல்ல விரும்புவது இன்னொன்று. இக்காலத்தில் ஓட்டத்தைப் படம் பிடித்துப் பிறருக்குக் காட்டும் ஆசை வளர்ந்திருக்கின்றது. பார்க்கப் போகிறவர்களுக்காக ஓட்டுபவன், தெருவிலுள்ளவர்களை மறந்துவிடுகின்றான். அன்றியும், 'எனக்கு இன்று உடம்பு சரியில்லை', 'இந்த வேகம் எனக்கு ஒத்துவராது', 'நான் இந்தச் சந்தியோடு திரும்பிக்கொள்கிறேன்' என்று சொல்லும் உரிமை ஒவ்வொரு அங்கத்தினனுக்கும் இருக்க வேண்டும். அப்படிச் சொன்னவனைக் கேலி செய்பவன் எவ்வளவு திறமையாக ஓட்டினாலும், கழகத்தில் இருக்கத் தகுதியற்றவன். அப்படிச் சொல்வதற்கு வேகமாக ஓட்டுவதிலும் கூடிய துணிவு வேண்டும். மதுபானம் அருந்தியவனுடைய திறப்பை வாங்கிப் பையில் வைத்துக்கொள்வதற்கும் அத்தகைய துணிவு வேண்டும். அன்று அவன் கோபித்தாலும், மறுநாள் கோபிப்பதற்கு உயிரோடிருப்பான்.

கழகமொன்றின் பெருமையை அதன் சின்னத்திலோ வாகனங்களின் விலையிலோ காண முடியாது. பயணம் முடிந்த இடத்தில் தலைவன் வாகனத்தை நிறுத்தி இறங்கியதும் முதலில் என்ன செய்கிறான் என்று பாருங்கள். தேநீர்க் கடைக்குள் நுழைகிறானா, அல்லது தெருவோரத்தில் நின்று வந்து சேர்பவர்களை ஒவ்வொருவராக எண்ணுகிறானா? எண்ணுகிறவனுடைய கழகத்தில் உங்கள் பிள்ளையை நம்பிச் சேர்க்கலாம். எண்ணிக்கை நிறையும் வரை அவன் தேநீர் ஆறினாலும் ஆறட்டும்.